பவளப்பாறை வளர்ச்சியும் கடல்நீர் வெப்பநிலையும்

பவளப்பாறைகளின் வளர்ச்சியைத் தீர்மானிக்கும் சூழற்காரணிகளுள் கடல்நீரின் வெப்பநிலை முதன்மையான ஒன்றாகும். ஒளி, உப்புத்தன்மை, நீரின் தெளிவு, நீரில் கரைந்துள்ள கார்பனேட்டின் அளவு ஆகியனவும் வளர்ச்சியைப் பாதிக்கின்றன. எனினும் பவளப்பாறைகள் உலகின் எப்பகுதிகளில் உருவாகலாம் என்பதையும், அவை ஆண்டுக்கு எவ்வளவு வளரும் என்பதையும் பெருமளவில் வெப்பநிலையே வரையறுக்கின்றது. பாறை அமைக்கும் பவளங்கள் பொதுவாக 18 பாகை செல்சியஸ் (°செ) முதல் 30 °செ வரையான நீரில் வாழ்கின்றன. இவ்வெல்லைக்குள் வெப்பநிலை உயர உயர வளர்ச்சி வேகமும் உயர்ந்து, ஓர் உச்சத்தை அடைந்து, அதன் பின்னர் விரைவாகக் குறைகின்றது.

வளர்ச்சிக்கு மிக உகந்த வெப்பநிலைக்கும் பவளத்தைக் கொல்லக்கூடிய வெப்பநிலைக்கும் இடையிலான இடைவெளி மிகச் சிறியது. பல இடங்களில், வழக்கமான கோடைக்கால உச்ச வெப்பநிலையைவிட 1 முதல் 2 °செ வரையான உயர்வு சில வாரங்கள் நீடித்தாலே பவளங்கள் வெளிறத் தொடங்குகின்றன. புவி வெப்பமயமாதலால் பவளப்பாறைகள் பிற சூழல் மண்டலங்களுக்கு முன்னரே பாதிக்கப்பட்டதற்கு இதுவே அடிப்படைக் காரணமாகும்.

இக்கட்டுரை வெப்பமண்டல ஆழமற்ற கடல்களில் பாறை அமைக்கும் பவளங்களைப் பற்றியது. ஆழ்கடலில் ஏறத்தாழ 4 முதல் 12 °செ வரையான குளிர்ந்த நீரில் வாழும் பவளங்கள் பாசிகளின் துணையின்றி வாழ்வதால் அவற்றின் வளர்ச்சி வேறு விதிகளுக்கு உட்பட்டது. இலங்கைத் தமிழ் வழக்கில் பவளப்பாறை முருகைக் கற்பாறை எனவும் அழைக்கப்படுகின்றது.

பவளத்தின் அமைப்பும் வளர்ச்சியும்

பவளம் என்பது கடற்சாமந்தி, சொறிமுட்டை (ஜெல்லி மீன்) ஆகியவற்றுக்கு உறவான ஒரு விலங்காகும். பாலிப் எனப்படும் சிறிய உயிரிகள் ஆயிரக்கணக்கில் ஒன்றாக இணைந்து ஒரு பவளக் கூட்டமைப்பை உருவாக்குகின்றன. ஒவ்வொரு பாலிப்பும் தனது அடிப்பகுதியில் கால்சியம் கார்பனேட்டால் ஆன எலும்புக்கூட்டைப் படியச் செய்கின்றது. இக்கால்சியம் கார்பனேட் அரகோனைட் என்னும் படிக வடிவில் அமைந்துள்ளது. இச்செயல்முறை சுண்ணப்படிவாக்கம் எனப்படுகின்றது. உயிருள்ள திசு எலும்புக்கூட்டின் மேற்பரப்பில் மெல்லிய படலமாக மட்டுமே காணப்படும். அதன் கீழே உள்ளவை முந்தைய ஆண்டுகளில் படிந்த சுண்ணக்கல் ஆகும்.

பவளத் திசுவின் உயிரணுக்களுக்குள் சூசாந்தெல்லே எனப்படும் ஒற்றை உயிரணுப் பாசிகள் இணைவாழ்வு நடத்துகின்றன. ஒரு சதுர சென்டிமீட்டர் பவளப் பரப்பில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பாசி உயிரணுக்கள் காணப்படலாம். இப்பாசிகள் ஒளிச்சேர்க்கையின் மூலம் தயாரிக்கும் உணவின் பெரும்பகுதியைப் பவளத்திற்கு அளிக்கின்றன. பவளத்தின் ஆற்றல் தேவையில் 90 விழுக்காடு வரை இவ்வழியே கிடைக்கக்கூடும். இதற்கு ஈடாகப் பாசிகளுக்குப் பாதுகாப்பான இடமும், பவளத்தின் கழிவுகளிலிருந்து நைட்ரசனும் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கின்றன. பவளங்களின் பழுப்பு, பச்சை கலந்த நிறத்தின் பெரும்பகுதி இப்பாசிகளின் நிறமே ஆகும்.

வளர்ச்சி வேகம் இனத்துக்கு இனம் வேறுபடும். பெரிய உருண்டைப் பாறை போல வளரும் போரைட்டிஸ் பேரினப் பவளங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் மட்டுமே வளர்கின்றன. மான்கொம்பு போலக் கிளைத்து வளரும் அக்ரோபோரா பேரினப் பவளங்கள் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டருக்கும் மேலாக வளரக்கூடும். ஆயினும் பவளப்பாறை முழுமையும் உயர்வது ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அளவிலேயே நிகழ்கின்றது. அலைகளும், பாறையைத் துளைக்கும் கடற்பஞ்சுகளும், கிளிமீன்களும், கடல் முள்ளெலிகளும் பாறையை இடைவிடாமல் அரிப்பதே இதற்குக் காரணம்.

வெப்பநிலையும் பரவலும்

பவளப்பாறைகள் பெரும்பாலும் புவிநடுக்கோட்டின் இருபுறமும் 30 பாகை அகலக்கோடுகளுக்கு இடைப்பட்ட கடல்களில் காணப்படுகின்றன. அமெரிக்க அறிவியலாளர் ஜேம்ஸ் டுவைட் டானா 1843 ஆம் ஆண்டிலேயே பவளங்களின் பரவலைக் கடல்நீரின் வெப்பநிலை கட்டுப்படுத்துகின்றது எனக் குறிப்பிட்டார். குளிர்காலத்திலும் நீர் ஏறத்தாழ 20 °செ வெப்பநிலைக்குக் கீழே செல்லாத பகுதிகளிலேயே பவளப்பாறைகள் அமைகின்றன என்பது அவரது முடிவாகும். இன்று இக்கீழெல்லை பொதுவாக 18 °செ எனக் கொள்ளப்படுகின்றது.

வெப்பமண்டலத்தில் அமைந்திருந்தும் தென் அமெரிக்காவின் மேற்குக் கரையிலும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலும் பெரிய பவளப்பாறைகள் உருவாகவில்லை. இக்கரைகளை ஒட்டிக் குளிர்ந்த நீரோட்டங்கள் செல்வதும், ஆழத்திலிருந்து குளிர்நீர் மேலெழுவதும் இதற்கு முக்கியக் காரணங்களாகும். மறுபுறம், வெப்ப நீரோட்டம் செல்லும் இடங்களில் பாறைகள் உயர்ந்த அகலக்கோடுகளிலும் காணப்படுகின்றன. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 31.5 பாகை தெற்கு அகலக்கோட்டில் உள்ள லார்டு ஹவ் தீவின் பவளப்பாறை உலகின் தென்கோடிப் பவளப்பாறையாகக் கருதப்படுகின்றது.

வெப்பநிலை வளர்ச்சியை ஊக்குவிக்கும் முறை

நீரின் வெப்பநிலை உயரும்போது பவளத்தின் வளர்ச்சி மூன்று வழிகளில் விரைவடைகின்றது.

முதலாவது, வேதியியல் வழி. அரகோனைட் வெதுவெதுப்பான நீரில் குறைவாகக் கரைகின்றது, விரைவாகவும் படிகின்றது. ஆகவே அதே அளவு கால்சியமும் கார்பனேட்டும் கொண்ட நீரில், வெப்பநிலை உயரும்போது படிவு எளிதாக நிகழ்கின்றது.

இரண்டாவது, உயிரியல் வழி. பவளம் தனது திசுவுக்கும் எலும்புக்கூட்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளியில் ஒரு நீர்மத்தைத் தேக்கி வைக்கின்றது. இந்நீர்மத்திற்குள் கால்சியம் அயனிகளை உட்செலுத்தியும் ஐதரசன் அயனிகளை வெளியேற்றியும் படிவுக்கு ஏற்ற சூழலை அது உருவாக்குகின்றது. இவ்வேலையைச் செய்வன நொதிகள். மற்ற நொதிகளைப் போலவே இவையும் ஓர் எல்லை வரை வெப்பநிலை உயரும்போது வேகமாகச் செயல்படுகின்றன.

மூன்றாவது, பாசிகளின் வழி. வெப்பநிலை உயரும்போது ஒளிச்சேர்க்கையும் ஓர் உச்சம் வரை அதிகரிக்கின்றது. சுண்ணப்படிவாக்கத்திற்குத் தேவையான ஆற்றல் பெரும்பாலும் ஒளிச்சேர்க்கையிலிருந்து கிடைப்பதால் படிவும் அதிகரிக்கின்றது. வெளிச்சத்தில் பவளங்களின் சுண்ணப்படிவாக்கம் இருளில் நிகழ்வதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வேகமாக நிகழ்வது இத்தொடர்பைக் காட்டுகின்றது.

இவ்விளைவைக் கடலில் நேரடியாக அளவிட முடியும். பெரும் தடுப்புப் பவளத்திட்டு, ஹவாய், தாய்லாந்து ஆகிய இடங்களின் போரைட்டிஸ் பவளங்களை ஒப்பிட்டு 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆண்டுச் சராசரி நீர் வெப்பநிலை 23 முதல் 29 °செ வரையான இடங்களில், ஒவ்வொரு 1 °செ உயர்வுக்கும் ஆண்டு நீட்சி ஏறத்தாழ 3.1 மில்லிமீட்டரும், சுண்ணப்படிவு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.33 கிராமும் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. குளிர்ந்த கடலில் உள்ள பவளத்தைவிட வெதுவெதுப்பான கடலில் உள்ள அதே வகைப் பவளம் வேகமாக வளர்கின்றது என்பது இதன் பொருள்.

உச்ச வெப்பநிலையும் சரிவும்

வளர்ச்சிக்கும் வெப்பநிலைக்கும் உள்ள தொடர்பை வரைபடமாக வரைந்தால் அது ஒரு குன்றின் வடிவில் அமையும். குளிர்ப்பக்கத்தில் ஏற்றம் படிப்படியானது. வெப்பப்பக்கத்தில் இறக்கம் செங்குத்தானது. இந்த இறக்கத்திற்கு முதற்காரணம் ஆற்றல் வரவுக்கும் செலவுக்கும் இடையே ஏற்படும் ஏற்றத்தாழ்வாகும். ஒளிச்சேர்க்கை ஓர் உச்சத்துக்குப் பின் குறையத் தொடங்குகின்றது. ஆனால் பவளத்தின் சுவாசம் வெப்பநிலையுடன் தொடர்ந்து அதிகரிக்கின்றது. ஆகவே உயிர்வாழ்வதற்கே கூடுதல் ஆற்றல் செலவாகி, எலும்புக்கூட்டை வளர்க்க எஞ்சும் ஆற்றல் குறைகின்றது.

உச்ச வெப்பநிலை எல்லா இடங்களுக்கும் பொதுவானதன்று. 1970களில் பால் ஜோகியல், ஸ்டீவ் கோல்ஸ் ஆகியோர் ஹவாய்த் தீவுகளில் நடத்திய ஆய்வுகள் அங்குள்ள பவளங்களுக்கு ஏறத்தாழ 26 °செ மிக உகந்தது எனக் காட்டின. அவர்கள் ஹவாய்ப் பவளங்களை வெப்பம் மிகுந்த எனிவெட்டோக் பவளத்தீவின் பவளங்களுடன் ஒப்பிட்டபோது, எனிவெட்டோக் பவளங்களின் மேலெல்லை ஏறத்தாழ 2 °செ உயர்ந்து காணப்பட்டது. இரு இடங்களின் கோடைக்கால நீர் வெப்பநிலையிலும் ஏறத்தாழ அதே அளவு வேறுபாடு இருந்தது. அதாவது, ஒவ்வோர் இடத்துப் பவளமும் அவ்விடத்தின் வழக்கமான கோடைக்கு ஏற்பத் தகவமைந்துள்ளது. ஆனால் அக்கோடைக்கு மேல் அதிக இடைவெளியை வைத்துக்கொள்ளவில்லை.

ஓவாகு தீவின் காகே முனையில் உள்ள அனல்மின் நிலையம் கடலில் வெளியேற்றிய வெந்நீரும் இதையே காட்டியது. 1974 இல் வெளியான ஆய்வின்படி, சுற்றுப்புற நீரைவிட 4 முதல் 5 °செ வெப்பம் கூடிய பகுதியில் ஏறத்தாழ எல்லாப் பவளங்களும் இறந்துவிட்டன. 2 முதல் 4 °செ கூடிய பகுதியில் பவளங்கள் நிறமிழந்தன.

மிகை வெப்பமும் பவள வெளிறலும்

வெப்பநிலை மேலெல்லையைத் தாண்டும்போது பவளத்திற்கும் பாசிகளுக்கும் இடையிலான இணைவாழ்வு முறிகின்றது. மிகை வெப்பத்தில் பாசிகளின் ஒளிச்சேர்க்கை அமைப்பு சீர்குலைகின்றது. உள்ளே வரும் ஒளியாற்றலை உணவாக மாற்ற இயலாத நிலையில், அவ்வாற்றல் தீங்கு விளைவிக்கும் ஆக்சிசன் மூலக்கூறுகளை உருவாக்குகின்றது. இவை பாசியையும் பவளத்தின் உயிரணுக்களையும் சேதப்படுத்துகின்றன. இந்நிலையில் பவளம் பாசிகளை வெளியேற்றுகின்றது. நிறமற்ற திசுவின் ஊடாக வெண்ணிற எலும்புக்கூடு தெரிவதால் பவளம் வெளுத்துக் காணப்படுகின்றது. இது பவள வெளிறல் எனப்படுகின்றது.

இதில் வெப்பத்துடன் ஒளியும் பங்கேற்கின்றது. அதே வெப்பநிலையில் மேகமூட்டமான இடத்திலும் நிழலான இடத்திலும் உள்ள பவளங்கள் குறைவாக வெளிறுகின்றன. 1998 இல் பிரெஞ்சு பொலினீசியாவின் சொசைட்டி தீவுகளில் கடல் வெப்பமடைந்தபோதும், வழக்கத்திற்கு மாறான மேகமூட்டம் அங்குள்ள பவளங்களைப் பெருமளவில் காத்தது. காற்றும் அலையும் அடங்கி, தெளிந்த நீரில் வெயில் ஆழமாக ஊடுருவும் நாட்களே பவளங்களுக்கு மிகவும் ஆபத்தானவை.

வெளிறிய பவளம் உடனே இறப்பதில்லை. வெப்பம் சில வாரங்களில் தணிந்தால், திசுவில் எஞ்சியுள்ள பாசிகள் பெருகிப் பவளம் மீளக்கூடும். ஆனால் அவ்வாறு மீண்ட பவளத்திலும் வளர்ச்சி குன்றுகின்றது. இனப்பெருக்கமும் ஓரிரு ஆண்டுகள் வரை குறையக்கூடும். வெப்பம் நீடித்தால் பவளம் பட்டினியால் இறக்கின்றது. இறந்த எலும்புக்கூட்டின் மீது விரைவில் இழைப்பாசிகள் படர்கின்றன. மிகக் கடுமையான வெப்பத்தில் சில பவளங்கள் வெளிறும் முன்னரே திசு சிதைந்து இறப்பதும் உண்டு.

வெப்ப அழுத்தத்தை அளவிடுதல்

பவளத்திற்கு ஏற்படும் பாதிப்பு, வெப்பநிலை எவ்வளவு உயர்ந்தது என்பதையும் எவ்வளவு காலம் நீடித்தது என்பதையும் சேர்த்தே அமைகின்றது. ஆகவே அமெரிக்கத் தேசியப் பெருங்கடல் மற்றும் வளிமண்டல நிர்வாகத்தின் பவளப்பாறைக் கண்காணிப்புத் திட்டம் 'வெப்பப் பாகை வாரம்' என்னும் அலகைப் பயன்படுத்துகின்றது. இதனைக் கணக்கிடும் முறை பின்வருமாறு:

1. ஓர் இடத்தின் ஆண்டில் மிக வெப்பமான மாதத்தின் நெடுங்காலச் சராசரி நீர் வெப்பநிலை அடிப்படையாகக் கொள்ளப்படும்.
2. அதைவிட 1 °செ அல்லது அதற்கு மேல் வெப்பம் கூடியிருக்கும் காலம் மட்டுமே கணக்கில் சேர்க்கப்படும்.
3. கடந்த 12 வாரங்களில் இவ்வாறு கூடிய வெப்பநிலை வேறுபாடுகள் அனைத்தும் கூட்டப்படும்.

எடுத்துக்காட்டாக, ஓரிடத்தின் அடிப்படை வெப்பநிலை 29 °செ எனக் கொள்வோம். அங்கு நீர் 30 °செ வெப்பநிலையில் நான்கு வாரங்கள் இருந்தால் 4 வெப்பப் பாகை வாரங்கள் ஆகும். 31 °செ வெப்பநிலையில் இரண்டு வாரங்கள் இருந்தாலும் அதே 4 கிடைக்கும். பொதுவாக 4 ஐ எட்டும்போது குறிப்பிடத்தக்க வெளிறலும், 8 ஐ எட்டும்போது பரவலான கடும் வெளிறலும் இறப்பும் எதிர்பார்க்கப்படுகின்றன. செயற்கைக்கோள்கள் அளவிடும் கடற்பரப்பு வெப்பநிலையிலிருந்து இவ்வளவு நாள்தோறும் கணக்கிடப்படுகின்றது.

குளிரின் பாதிப்பு

மிகைக் குளிரும் பவளங்களைப் பாதிக்கின்றது. நீர் 18 °செ வெப்பநிலைக்குக் கீழே செல்லும்போது பாலிப்புகள் உணவு பிடிக்கும் திறனை இழக்கின்றன, சுண்ணப்படிவாக்கம் மிகவும் குறைகின்றது, பாசிகளும் இழக்கப்படலாம். அமெரிக்காவின் புளோரிடாப் பவளப்பாறைகள் இவ்வாழ்விட எல்லையின் அருகில் உள்ளன. 2010 சனவரியில் அங்கு நீர் 16 °செ வெப்பநிலைக்கும் கீழே சென்றபோது, கணக்கெடுக்கப்பட்ட பவளங்களில் சராசரியாக 11.5 விழுக்காடு இறந்தன.

அதே புளோரிடா 2023 கோடையில் மறு எல்லையைச் சந்தித்தது. அவ்வாண்டு சூலையில் ஆழமற்ற ஒரு விரிகுடாவில் 38 °செ வெப்பநிலைக்கும் மேல் பதிவானது. திறந்த பாறைப் பகுதிகளிலும் வெப்பம் பல வாரங்கள் நீடித்தது. மான்கொம்புப் பவளம், கடமான்கொம்புப் பவளம் ஆகிய இரு அக்ரோபோரா இனங்களும் புளோரிடா கீஸ் பகுதியில் ஏறத்தாழ முழுமையாக அழிந்தன. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அப்பாறையைக் கட்டியெழுப்பிய முதன்மை இனங்கள் இவையே ஆகும்.

எலும்புக்கூட்டில் பதியும் வரலாறு

மரத்தின் தண்டில் ஆண்டு வளையங்கள் அமைவது போலப் பெரிய உருண்டைப் பவளங்களின் எலும்புக்கூட்டிலும் ஆண்டுதோறும் அடர்த்தி மிகுந்த ஒரு பட்டையும் அடர்த்தி குறைந்த ஒரு பட்டையும் படிகின்றன. 1972 ஆம் ஆண்டில் நட்சன், பட்மையர், ஸ்மித் ஆகியோர் எனிவெட்டோக் பவளங்களை ஊடுகதிர் படமெடுத்து இப்பட்டைகள் ஆண்டுக்கொன்றாக அமைவதை உறுதிசெய்தனர். அணுகுண்டுச் சோதனைகளால் பவளத்தில் பதிந்திருந்த கதிரியக்கப் படிவுகளின் ஆண்டு தெரிந்திருந்ததால் பட்டைகளின் வயதைச் சரிபார்க்க முடிந்தது.

இன்று பவளத்திலிருந்து உருளை வடிவத் துண்டங்களைத் துளைத்தெடுத்துப் பல நூற்றாண்டுகளின் வளர்ச்சியை ஆண்டு வாரியாக அளவிடுகின்றனர். எலும்புக்கூட்டில் கால்சியத்துடன் சிறிதளவு ஸ்ட்ரான்சியமும் படிகின்றது. நீர் வெப்பமாக இருந்தால் இதன் விகிதம் குறையும். எனவே பவளம் வளர்ந்தபோது நிலவிய நீர் வெப்பநிலையையும் அதே துண்டத்திலிருந்து மதிப்பிடலாம். வெப்பமானிகள் இல்லாத காலத்துக் கடலின் வெப்பநிலையை அறிய இது ஒரு முக்கிய வழியாகும். கடும் வெளிறல் நிகழ்ந்த ஆண்டுகளில் வளர்ச்சி தடைப்பட்டதைக் காட்டும் அடர்ந்த பட்டைகளும் காணப்படுகின்றன.

இவ்வகைப் பதிவுகள் வெப்பநிலையின் இருமுக விளைவை வெளிப்படுத்துகின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவின் குளிர்ந்த தென்பகுதிப் பாறைகளில் கடந்த நூற்றாண்டின் வெப்ப உயர்வுடன் பவளங்களின் சுண்ணப்படிவாக்கம் கூடியதை 2012 இல் வெளியான ஆய்வு காட்டியது. ஏற்கனவே வெப்பம் மிகுந்த நடுச் செங்கடலில், டிப்லோஆஸ்ட்ரியா என்னும் பவளத்தின் வளர்ச்சி 1998 க்குப் பின் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்ததை 2010 இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரே உலக வெப்ப உயர்வு, குன்றின் ஏறுமுகத்தில் நிற்கும் பவளத்திற்கு வளர்ச்சியையும், உச்சியைத் தாண்டிய பவளத்திற்குச் சரிவையும் தருகின்றது.

வெப்பத்தைத் தாங்கும் பவளங்கள்

எல்லாப் பவளங்களும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை. கிளைத்து வேகமாக வளரும் அக்ரோபோரா போன்றவை எளிதில் வெளிறுகின்றன. தடித்த திசு கொண்டு மெதுவாக வளரும் போரைட்டிஸ் போன்றவை பெரும்பாலும் தாங்கி நிற்கின்றன.

பாரசீக வளைகுடாவின் தென்பகுதியில் கோடையில் நீர் 34 °செ வெப்பநிலைக்கும் மேல் செல்கின்றது. குளிர்காலத்தில் 20 °செ வெப்பநிலைக்கும் கீழே இறங்குகின்றது. பிற கடல்களின் பவளங்களைக் கொல்லக்கூடிய இவ்வெப்பத்தில் அங்குள்ள பவளங்கள் வாழ்கின்றன. பல ஆயிரம் ஆண்டுகளில் இத்தகவமைப்பு உருவாகியுள்ளது. ஆயினும் அவையும் தமது மேலெல்லைக்கு அருகிலேயே வாழ்கின்றன. 2017 இல் ஏற்பட்ட கடும் வெப்பத்தில் அப்பகுதியின் பவளங்களில் பெரும்பகுதி இறந்தது. இதற்கு மாறாக, செங்கடலின் வடகோடியில் உள்ள அக்காபா வளைகுடாவின் பவளங்கள், ஆய்வகச் சோதனைகளில் தமது வழக்கமான கோடை வெப்பநிலையைவிடப் பல பாகைகள் கூடுதலான வெப்பத்தைத் தாங்கின. அவற்றின் மூதாதையர் வெப்பம் மிகுந்த தென் செங்கடலைக் கடந்து வந்தமையால் இத்தாங்குதிறன் எஞ்சியுள்ளது எனக் கருதப்படுகின்றது.

பவளத்தினுள் வாழும் பாசியின் வகையும் தாங்குதிறனை மாற்றுகின்றது. அக்ரோபோரா மில்லிபோரா இனத்தில், துருஸ்டினியம் என்னும் வெப்பம் தாங்கும் பாசி வகையைப் பெற்ற பவளங்களின் தாங்குதிறன் 1 முதல் 1.5 °செ வரை உயர்ந்ததை 2006 இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. இப்பாசிகள் பவளத்திற்குக் குறைவான உணவையே அளிக்கின்றன. பெரும் தடுப்புப் பவளத்திட்டைச் சேர்ந்த மாக்னெட்டிக் தீவில் இளம் பவளங்களை வளர்த்துப் பார்த்தபோது, வேறு பாசி வகையைக் கொண்டவை வெப்பம் தாங்கும் பாசியைக் கொண்டவற்றைவிட 2 முதல் 3 மடங்கு வேகமாக வளர்ந்தன. வெப்பத்தைத் தாங்கும் பவளம் உயிர் பிழைக்கலாம். ஆனால் அது மெதுவாகவே பாறையைக் கட்டும்.

பாறையின் வரவு செலவு

ஒரு பவளப்பாறை வளர்கின்றதா தேய்கின்றதா என்பது, ஓராண்டில் படியும் சுண்ணத்திற்கும் அரிக்கப்படும் சுண்ணத்திற்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. பவளங்கள் இறந்தால் படிவு நின்றுவிடும், அரிப்பு தொடரும். மாலைத்தீவின் தென்பகுதியில் உள்ள காஃபு தாலு பவளத்தீவில் இம்மாற்றம் அளவிடப்பட்டுள்ளது. 2016 வெளிறலுக்கு முன் அங்குள்ள பாறைகளில் ஆண்டுக்குச் சதுர மீட்டருக்குச் சராசரியாக ஏறத்தாழ 5.9 கிலோகிராம் சுண்ணம் நிகர வரவாக இருந்தது. வெளிறலுக்குப் பின் அது ஏறத்தாழ 3 கிலோகிராம் நிகர இழப்பாக மாறியது.

மாலைத்தீவின் தீவுகள் முழுவதும் பவளச் சுண்ணத்தாலும் பவள மணலாலும் ஆனவை. கடல்மட்டம் உயரும்போது பாறையும் அதற்கேற்ப உயர்ந்தால்தான் அலைகளின் வேகம் தீவை அடையுமுன் தணியும். எனவே பவளத்தின் வளர்ச்சி வேகம் அத்தீவுகளில் வாழும் மக்களின் இருப்புடன் நேரடித் தொடர்புடையது.

ஆய்வு வரலாறு

ஆல்பிரட் கோல்ட்ஸ்பரோ மேயர் புளோரிடாவின் டோர்ட்டுகாஸ் தீவுகளிலும் ஆஸ்திரேலியாவின் டாரஸ் நீரிணையிலும் சோதனைகள் நடத்தி, வெப்பமண்டலக் கடல் விலங்குகள் தம்மைக் கொல்லும் வெப்பநிலைக்குச் சில பாகைகள் கீழேயே வாழ்கின்றன என்பதை 1914 ஆம் ஆண்டளவில் எடுத்துக்காட்டினார். 1928-29 ஆம் ஆண்டுகளில் பெரும் தடுப்புப் பவளத்திட்டின் லோ தீவுகளுக்குச் சென்ற ஆய்வுக்குழுவைச் சேர்ந்த மாரிஸ் யோங், நிக்கல்ஸ் ஆகியோர், வெப்பம் மிகுந்தபோது பவளங்கள் தமது பாசிகளை வெளியேற்றுவதை விவரித்து 1931 இல் வெளியிட்டனர்.

பரந்த அளவிலான வெளிறல் 1982-83 எல் நீனோவின்போது கிழக்குப் பசிபிக்கில் கவனத்திற்கு வந்தது. பீட்டர் கிளின் இதனை விரிவாக ஆராய்ந்தார். உலகளாவிய முதல் வெளிறல் 1998 இல் நிகழ்ந்தது. இரண்டாவது 2010 இலும், மூன்றாவது 2014 முதல் 2017 வரையிலும் நிகழ்ந்தன. நான்காவது உலகளாவிய வெளிறல் 2023 இல் தொடங்கியது. 2024 ஏப்ரலில் அது அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. 2023 சனவரி முதல் 2025 இன் முற்பகுதி வரை உலகின் பவளப்பாறைப் பரப்பில் ஏறத்தாழ 84 விழுக்காடு வெளிறலை உண்டாக்கக்கூடிய வெப்பத்திற்கு உள்ளானது. பெரும் தடுப்புப் பவளத்திட்டில் மட்டும் 1998, 2002, 2016, 2017, 2020, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் பரவலான வெளிறல் பதிவாகியுள்ளது. 2016 இல் மட்டும் ஏறத்தாழ ஒன்பது மாதங்களில் அத்திட்டின் ஆழமற்ற பகுதிப் பவளங்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு இழக்கப்பட்டன.

மன்னார் வளைகுடாவும் இலங்கையும்

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே உள்ள 21 சிறு தீவுகளைச் சுற்றி மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் அமைந்துள்ளன. இங்கு 117 பவள இனங்கள் பதிவு செய்யப்பட்டுள்ளன. இப்பகுதி 1986 இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989 இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது.

இங்கு ஏப்ரல் முதல் சூன் வரையான காலமே நீர் மிகவும் வெப்பமடையும் காலமாகும். பாறைகள் ஆழமற்ற நீரில் இருப்பதால் அவை விரைவில் சூடாகின்றன. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இங்கு கடும் வெளிறல் ஏற்பட்டது. 2016 இல் உயிருள்ள பவளப் பரப்பு 38.9 விழுக்காட்டிலிருந்து 22.7 விழுக்காடாகக் குறைந்தது. பெரிதும் இறந்தவை அக்ரோபோரா, மான்டிபோரா, போசிலோபோரா ஆகிய வேகமாக வளரும் பேரினங்கள் ஆகும். எனவே இழந்த பரப்பை விரைவில் நிரப்பக்கூடிய இனங்களே முதலில் இழக்கப்பட்டன.

இத்தீவுகளுள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டும் நீருள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்திற்காகவும் முன்பு பெருமளவில் பவளக்கற்கள் வெட்டியெடுக்கப்பட்டமை இதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகின்றது. 2001 இல் பாறை அமைக்கும் பவளங்கள் யாவும் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. வெட்டியெடுப்பதைச் சட்டத்தால் தடுக்கலாம்; வெப்பத்தால் நிகழும் இழப்பு அவ்வாறு தடுக்கப்படக்கூடியதன்று. மூழ்கிய தீவுகள், பாறையை இழந்த தீவு எவ்வாறு ஆகும் என்பதற்குச் சான்றாக உள்ளன.

இலங்கையில் 1998 இல் ஏற்பட்ட வெளிறலால் தென்மேற்குக் கரையின் இக்கடுவையிலும் வடமேற்குக் கரையில் கற்பிட்டியை ஒட்டிய பவளப்பாறைகளிலும் ஆழமற்ற பகுதிப் பவளங்கள் பெருமளவில் அழிந்தன.

எதிர்காலம்

வேகமாக வளரும் பவளங்களும் கடும் இழப்பிலிருந்து மீளப் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் தேவைப்படும். 2018 இல் வெளியான ஆய்வின்படி, ஒரே பாறையில் கடும் வெளிறல் நிகழும் இடைவெளி 1980களின் தொடக்கத்தில் 25 முதல் 30 ஆண்டுகளாக இருந்து, 2016 அளவில் ஏறத்தாழ 6 ஆண்டுகளாகச் சுருங்கியுள்ளது. மீள்வதற்குத் தேவையான காலத்தைவிட இடைவெளி குறுகிவிட்டது.

காலநிலை மாற்றத்திற்கான பன்னாட்டு அரசுக் குழு 2018 இல் வெளியிட்ட அறிக்கை, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிடப் புவியின் வெப்பநிலை 1.5 °செ உயர்ந்தால் வெப்பமண்டலப் பவளப்பாறைகள் மேலும் 70 முதல் 90 விழுக்காடு குறையும் எனவும், 2 °செ உயர்ந்தால் 99 விழுக்காட்டிற்கும் மேல் இழக்கப்படும் எனவும் மதிப்பிட்டது.

கடல் வெப்பமடைவதால் பவளங்கள் துருவங்களை நோக்கி நகர்வதும் பதிவாகியுள்ளது. சப்பானியக் கரையில் சில இனங்கள் ஆண்டுக்கு 14 கிலோமீட்டர் வரை வடக்கே பரவியுள்ளன. எனினும் உயர் அகலக்கோடுகளில் குளிர்கால ஒளி குறைவு. நீரில் கார்பனேட்டின் செறிவும் குறைவு. கார்பன் டை ஆக்சைடு கரைவதால் கடல்நீர் அமிலமாவது அச்செறிவை மேலும் குறைக்கின்றது. ஆகவே அங்குப் பவளங்கள் வாழ முடிந்தாலும் வெப்பமண்டலத்தில் இழக்கப்படும் பாறைகளுக்கு ஈடான பாறைகளை அவை உருவாக்குவது அரிது.

இவற்றையும் பார்க்க

பவளப்பாறை
பவள வெளிறல்
எல் நீனோ
கடல்நீர் அமிலமாதல்
பெரும் தடுப்புப் பவளத்திட்டு
மன்னார் வளைகுடா